புதுக் கேனின் வீரியம் x என்க

காய்ந்த துணிகளைக் கயிற்றிலிருந்து உருவும்போது முதலில் கிழிந்தது சோணையின் கையில்தான். எங்கேயோ ஆணியில் மாட்டியிருக்கும் என்று நினைத்து, கிழிந்ததை ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை இழுத்தார். அது கயிற்றில் மடிந்திருந்த இடத்திலேயே பிரிந்தது. பாதி கயிற்றில் நின்றது, பாதி கையோடு வந்தது. கிழியும் சத்தம்கூட இல்லை.

"மாஸ்டர், இங்க செத்த வாங்க. ஒரு மாதிரியா இருக்கு."

சீதாராமன் அடைத்துக்கொண்ட வாய்க்காலைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார். லுங்கியில் கையைத் துடைத்தபடி வந்தார். துணியை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினார். விரல்கள் அந்தப் பக்கம் வந்துவிட்டன. ஒரு நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். புளித்தது.

"நேத்து எத்தன எறக்குனோம்?"

"இருநூத்தி எம்பது."

கயிற்றின் இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று, நடுவில் நாலு என்று இருவரும் இழுத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி வந்தன. பங்குனி வெயில் வெள்ளைத் துணிகளில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. சீதாராமன் கயிற்றுக்குக் கீழேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"வெந்துபோச்சு சோணை. பூராவும் வெந்துபோச்சு."

வில்லாபுரத்துக்குப் பின்னால் இருந்த சாயப்பட்டறை அது. கடைக்காரர்கள் தரும் சேலைத் துணியை முதலில் பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, ஆசிட் தண்ணீரில் முக்கி, அலசிக் காயவைத்த பிறகுதான் சாயத்துக்கு எடுப்பார்கள். ஆசிட் கூடினால் அன்றைக்குத் தெரியாது. துணி காயக் காய, உள்ளே தங்கிய ஆசிட் நூலைத் தின்னும். சீதாராமன் அங்கே பத்தொன்பது வருஷமாக மாஸ்டர். அவர் கையில் துணி வெந்தது என்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

முதலாளி உமேஷ் அரைமணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினான். முப்பத்திரண்டு வயது. அப்பா இறந்த பிறகு நாலு வருஷமாகப் பட்டறை அவன் கையில் இருந்தது. ஒரு துணியை எடுத்து நாலாகக் கிழித்தான். எட்டாகக் கிழித்தான். கோபத்தில் கிழிப்பவனைப் போல இல்லாமல் எண்ணிக்கொண்டே கிழித்தான்.

"எத்தன மக் ஊத்துனீங்க மாஸ்டர்?"

"நாலுதான் தம்பி. என்னைக்கும் நாலுதான்."

"நாலு ஊத்துனா இப்படி ஆகுமா? பத்து ஊத்தியிருப்பீங்க. பேசிக்கிட்டே ஊத்துனா எண்ணிக்கை தப்பத்தான் செய்யும்."

"சோணை பக்கத்துலதான் நின்னாரு. கேளுங்க."

"அவரு உங்க ஆளு. அவரக் கேட்டா நீங்க சொல்றதத்தான் சொல்லுவாரு."

சோணை வேறு பக்கம் பார்த்தார்.

"வியாழக்கிழமை மத்தியானம் சேலைக் கடைக்காரர் வாராரு," என்றான் உமேஷ். "சித்திரைத் திருவிழாவுக்கு நம்பிக் குடுத்த துணி. என்ன ஆச்சுன்னு நான் அவருக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள நீங்க எனக்குச் சொல்லுங்க. இல்லன்னா பத்து மக்னுதான் நான் சொல்லுவேன். அதுவரைக்கும் பட்டறைக்கு வர வேண்டாம்."

இதன் அர்த்தம் சீதாராமனுக்குத் தெரியும். மதுரையில் இருக்கிற பட்டறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று போன் செய்துகொள்பவை. துணியை வேகவைத்த மாஸ்டர் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் தொட்டிப் பக்கம் எவனும் நிற்கவிட மாட்டான். நாற்பத்தேழு வயதில், நகக்கண்ணில் நிரந்தரமாக நீலம் ஏறிய கையை வைத்துக்கொண்டு வேறு எந்த வேலைக்குப் போவது?

*

வீட்டில் மனைவி மீனலோசனி டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சீதாராமன் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். நாலு மணிக்கு அவர் வீடு திரும்பி அவள் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்ததும், "மீதிய நாளைக்குப் போடலாம், கெளம்புங்க," என்று பிள்ளைகளை அனுப்பினாள்.

அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் மீனலோசனிக்குக் கணக்கு மட்டும் தமிழில்தான் வரும். அந்தக் காலத்தில் பி.எஸ்ஸி. கணிதம் வரைக்கும் தமிழ் மீடியத்திலேயே படித்தவள். அவர் அழுது முடிக்கும்வரை சௌராஷ்டிரத்தில் தேற்றினாள். அப்புறம் ஒரு ரஃப் நோட்டை எடுத்து, தமிழுக்கு மாறினாள்.

"கொடுக்கப்பட்டது என்ன? ஒண்ணொண்ணா சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"தொட்டி எம்புட்டு?"

"ஆசிட்டோட சேர்த்து நானூறு லிட்டர்."

"மக்?"

"ஒரு லிட்டர். நாலு மக்."

"ஆசிட்?"

"முப்பது பர்சென்ட். கடையிலயே தண்ணி கலந்து முப்பதாக்கித்தான் குடுப்பான். நாலு வருசமா அதே கடை, அதே நீலக் கேன்."

அவள் எழுதினாள். நாலு லிட்டரில் முப்பது சதம் என்றால் சுத்த ஆசிட் ஒன்றே கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சரியாகச் சொன்னால் 1.2 லிட்டர். அவ்வளவுதான் தொட்டிக்குள் போயிருக்க வேண்டும்.

"நெசமா எம்புட்டுப் போயிருக்குன்னு தெரியணும். தொட்டித் தண்ணிய கொட்டிட்டாங்களா?"

"இல்ல. அப்படியே நிக்குது."

"சோணை அண்ணன ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வரச் சொல்லுங்க."

மறுநாள் காலை ஏழு மணிக்கு சோணை வந்தார். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை துண்டுக்குள் சுற்றி, டிபன் கேரியருக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"டீச்சரம்மா, இத எங்கிட்ட வாங்குனதா வெளியில சொல்லிராதீங்க. சாயந்தரம் தொட்டியத் தொறந்து விடச் சொல்லிட்டாரு மொதலாளி."

"மூடி நல்லா இறுக்கியிருக்கீங்களாண்ணே?"

"இறுக்காம என்ன. வழியில எவனாச்சும் தாகமா இருக்குன்னு கேட்டுருவானோன்னுதான் பயந்துகிட்டே வந்தேன்."

சோணை போனதும் மீனலோசனி அடுப்படியில் வேலையை ஆரம்பித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, சரியான ஆசிட் வேண்டும். அது வீட்டிலேயே இருந்தது. பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கக்கூஸ் கழுவ ஒரு பாட்டில் ஆசிட் கொண்டுவருவார்கள். போன மாதம் பழைய கேனிலிருந்து சீதாராமன் கொண்டுவந்தது குளியலறை மூலையில் பாதி இருந்தது. இருமல் மருந்தின் மூடியில் பத்து மில்லி என்று கோடு இருந்தது. அதில் ஒரு மூடி பழைய ஆசிட்டை எடுத்து, ஒரு லிட்டராகத் தண்ணீர் கலந்தாள். தொட்டியில் நானூறுக்கு நாலு என்றால் ஒரு லிட்டருக்குப் பத்து மில்லி. ஆசிட் அரிக்கும் என்று எவர்சில்வர் வாளியைத் தள்ளிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து, ஒன்றில் இதை ஊற்றினாள். இன்னொன்றில் சோணை கொண்டுவந்ததை ஊற்றினாள்.

சலவை சோடாவைத் தண்ணீரில் கரைத்தாள். நோட்டுத் தாளை நீள நீளமாகக் கிழித்து மஞ்சளைக் குழைத்துத் தடவினாள்.

"இது எதுக்கு?" என்றார் சீதாராமன்.

"சோடா ஆசிட்ட அடக்கும். ஆசிட் மிச்சம் இருக்குற வரைக்கும் மஞ்சள் மஞ்சளாவே இருக்கும். பூரா அடங்கி, சோடா ஒரு சொட்டு மிஞ்சுனா செவந்துரும். எத்தன மூடி சோடா குடிக்குதுன்னு எண்ணுங்க."

பழைய ஆசிட் டப்பாவில் அவள் ஒவ்வொரு மூடியாக ஊற்றிக் கலக்கினாள். நுரை பொங்கி அடங்கியது. ஒவ்வொரு தடவையும் ஒரு தாளை முக்கினாள். எட்டாவது மூடியில் தாள் குங்குமமாகச் சிவந்தது.

"எட்டு," என்றார் அவர்.

அடுத்தது தொட்டித் தண்ணீர். எட்டாவது மூடியில் தாள் மஞ்சளாகவே வந்தது. ஒன்பது. பத்து. அவர் உதடு மட்டும் அசைந்தது. பதினைந்தில் அவள் அவரைப் பார்த்தாள். பதினெட்டில் நுரை குறைந்தது. இருபதாவது மூடியில் தாள் சிவந்தது.

அவள் கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தாள். எட்டு மூடிக்கு 1.2 லிட்டர் என்றால் இருபது மூடிக்கு எவ்வளவு? மூன்று லிட்டர். தொட்டிக்குள் மூன்று லிட்டர் சுத்த ஆசிட் போயிருக்கிறது. கை தன் போக்கில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற மாதிரியே எழுதியது. ஊற்றிய மக்குகள் y என்க. முப்பது சதத்தில் y மக் சேர்ந்து மூன்று லிட்டர். ஆகவே y = 10.

அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"பத்தா?"

"பொறுங்க."

"பத்துன்னு வருதே. அவன் சொன்னது அப்படியே வருதே." அவர் குரல் தாழ்ந்தது. "மீனா, நான் சத்தியமா நாலுதான் ஊத்துனேன். இல்ல, எண்ணிக்கை தப்பிருச்சா? எனக்கே தெரியலயா?"

"அது கேன்ல முப்பதுதான் இருந்துச்சுன்னு வெச்சுக்கிட்டா வர்ற விடை. அது முப்பதுன்னு யாரு பார்த்தா? சமன்பாடு ஒண்ணு, தெரியாதது ரெண்டு. எத்தன மக்குங்கிறது ஒண்ணு, என்ன வீரியங்கிறது ஒண்ணு. ஒண்ணு கெடச்சாத்தான் இன்னொண்ணு கெடைக்கும். அந்தக் கேன எப்பப் பிரிச்சீங்க?"

"திங்கக்கிழமைதான். பழசு தீந்து போச்சுன்னு புதுசப் பிரிச்சோம். அந்தத் தொட்டிக்குத்தான் மொதல் தடவை."

"எத்தன லிட்டர் கேன்?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப அதுல மிச்சம் எம்புட்டு இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வாங்க."

*

பட்டறைக்குள் போகக் கூடாது. எதிர்த்த டீக்கடையில் சீதாராமன் ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் பேயாண்டி இரண்டாவது டீயையும் கேட்காமலே வைத்தார்.

"என்ன மாஸ்டர், லீவா? சாயப்பட்டறைக்காரங்களுக்கெல்லாம் லீவு உண்டா?"

"உடம்பு சரியில்ல."

"உடம்பு சரியில்லாதவரு வீட்டுல படுக்காம இங்க வந்து வாசலப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

பதினொரு மணிக்கு சோணை டீ குடிக்க வந்தார். சீதாராமன் அவர் காதருகில் குனிந்தார்.

"நீலக் கேன் எங்க இருக்கு?"

"தொட்டிக்குப் பின்னாடிதான். அன்னைக்கு வெச்ச எடத்துல."

"யாரும் தொடலயே?"

"எவன் தொடுவான் அத. ஏண்ணே?"

"வெளியில லிட்டர் கோடு போட்டிருக்கும். உள்ள எது வரைக்கும் நிக்குதுன்னு பார்த்துட்டு வா."

சோணை டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வர ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷத்தில் சீதாராமன் ஒரு பேப்பரை மூன்று தடவை மடித்துப் பிரித்தார்.

"முப்பது கோட்டுக்கு ஒரு கோடு மேல நிக்குதுண்ணே."

"மேலயா? நல்லாப் பார்த்தியா?"

"குனிஞ்சு, கண்ண நேரா வெச்சுப் பார்த்தேன். பத்து மக் மோந்திருந்தா இருபத்தஞ்சுல நிக்கணும்ல. அம்புட்டுக் கணக்கு எனக்கும் தெரியும்."

சீதாராமன் டீக்குக் காசு வைக்க மறந்து நடந்தார். பேயாண்டி கூப்பிடவில்லை.

*

மீனலோசனி கோடு போடாத வெள்ளைத் தாளில், ஸ்கேல் வைத்து ஓரம் விட்டு, நல்ல கையெழுத்தில் எழுதினாள். கேனின் கொள்ளளவு முப்பத்தைந்து. மீதம் முப்பத்தொன்று. ஊற்றியது நாலு. புதுக் கேனின் வீரியம் x என்க. நாலு லிட்டரில் x சதம், மூன்று லிட்டர். ஆகவே x = 75. முப்பது இருக்க வேண்டிய கேனில் எழுபத்தைந்து இருந்திருக்கிறது. கடையில் தண்ணீர் கலக்காமல் ஏதோ கேனை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

"அன்னைக்கு ஊத்துறப்ப வித்தியாசமா ஏதும் தெரியலயா?"

சீதாராமன் யோசித்தார். "தொட்டித் தண்ணி லேசா வெதுவெதுன்னு இருந்துச்சு. மேல் டேங்க் வெயில்ல காஞ்சு கெடந்த தண்ணின்னு நெனச்சேன்."

வீரியம் கூடின ஆசிட்தான் தண்ணீரைச் சுடவைக்கும், கவனிக்காதது மாஸ்டரின் தப்பு என்று ஆகிவிடும் என்பதால் அவள் அதை எழுதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கம் இன்னொரு கணக்கைத் தொடங்கினாள்.

"அது என்ன?"

"அலசுற கணக்கு. பிழிஞ்சப்புறம் துணியில எம்புட்டு தண்ணி நிக்கும்?"

"எம்புட்டுப் பிழிஞ்சாலும் நாப்பது லிட்டர் நிக்கும்."

"அலசுறதுக்கு எவ்வளவு விடுறீங்க?"

"முந்நூத்தி அறுபது."

"அப்ப ஒரு அலசுல ஆசிட் பத்துல ஒரு பங்காகும். ரெண்டாவது அலசுல நூத்துல ஒரு பங்கு. ரெண்டு தடவை அலசியிருந்தா எழுபத்தஞ்சு ஆசிட்லகூடத் துணி தப்பிச்சிருக்கும். ஒரு தடவை அலசுன முப்பது ஆசிட்ட விடக் கம்மியாத்தான் நின்னிருக்கும்." அவள் நிமிர்ந்தாள். "முன்னாடியெல்லாம் ரெண்டு அலசுதான?"

மூன்றாவது வருஷமாக மழை இல்லை. பட்டறைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்கினார்கள். மாசி மாதம் உமேஷ் தொட்டியருகில் வந்து நின்று, இனிமேல் ஒரு அலசு போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"அத எழுதாத மீனா."

"இதுதாங்க முக்கியம்."

"வேணாம். அது அவன் மூஞ்சிக்கு நேரா விரல நீட்டுற மாதிரி. கேன் மாறிப்போச்சுன்னா நம்ம மேலயும் இல்ல, அவன் மேலயும் இல்ல. ஆசிட் கடைக்காரன் மேல போயிரும். அவனுக்கும் அது நல்லதுதான. நம்ம சௌராஷ்டிரப் பையன், அவங்க அப்பா என்ன நம்பி மாஸ்டராக்குனதுக்கு..."

"அவங்க அப்பா செஞ்சது வேற."

"எனக்கு நாளைக்கு அந்தத் தொட்டிக்கிட்டப் போயி நிக்கணும். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் நீலமேறிய கையால் தாளை அவள் பக்கம் தள்ளினார். மீனலோசனி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு புதிய தாள் ஒன்றை எடுத்து, முன்பக்கத்துக் கணக்கை மட்டும் மறுபடி எழுதினாள்.

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு இருவரும் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார்கள். உமேஷ் தாளை மேசையில் விரித்து, பேனா முனையால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தான். மஞ்சள் தாள் சிவந்ததைச் சொன்ன வரியில் சிரித்தான்.

"அத்தை, சூப்பரா போட்டிருக்கீங்க. இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்கிறது. நாலு மக்தான். நான் தப்பா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க மாமா."

மூன்று நாளில் அவன் மாமா என்று கூப்பிட்டது முதல் தடவை. சீதாராமன் மூச்சு விட்டார்.

"அதனாலென்ன தம்பி. ஆசிட் கடைக்காரன் கேன மாத்திட்டான்."

"மாத்தித்தான் இருக்கான். எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. கேன நேத்து சாயந்தரமே கடைக்கு அனுப்பிட்டேன். வேற கேன் குடுத்துட்டான்." பேனாவை மூடினான். "புதுக் கேன் வந்தா பிரிச்ச ஒடனே டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்ல மாஸ்டர்?"

"அது... மிதக்கவிட்டுப் பாக்குற கண்ணாடிக் கருவி ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சு தம்பி. மூணு தடவை சொன்னேன்."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"வாயாலதான் சொன்னேன்."

"ஆசிட் ஊத்துறப்ப தொட்டி சூடாச்சா?"

மீனலோசனி கணவரின் காலை மேசைக்கு அடியில் மிதித்தாள். அவர் பத்தொன்பது வருஷமாகத் தொட்டியைப் பற்றி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லியே பழகியவர்.

"லேசா வெதுவெதுப்பா இருந்துச்சு."

"ம்."

"ரெண்டாவது அலசு இருந்திருந்தா துணி பொழைச்சிருக்கும்," என்றாள் மீனலோசனி. "ஒரு அலசு போதும்னு சொன்னது நீங்க."

உமேஷ் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தான். வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினான்.

"அது இதுல இல்லையே அத்தை."

"இப்ப எழுதித் தாரேன். அதுவும் கணக்குதான்."

"எதுக்கு? கணக்குதான் முடிஞ்சிருச்சே. விடை வந்திருச்சுல்ல."

அவன் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டான். தமிழிலிருந்து சௌராஷ்டிரத்துக்கு மாறினான். குரல் இறங்கி, கல்யாண வீட்டில் பேசுவதைப் போல ஆனது. மத்தியானம் சேலைக் கடைக்காரர் வருவார், இன்ஷூரன்ஸ்காரருக்கும் ஒரு காகிதம் காட்ட வேண்டும், யாரோ ஒருத்தர் பொறுப்பு என்று இருந்தால்தான் இரண்டும் நடக்கும் என்றான். இந்தத் தாளிலேயே கீழே ஒரு வரி எழுதி மாமா கையெழுத்துப் போட்டால் போதும். எந்தப் பட்டறைக்கும் போன் செய்ய மாட்டேன். இங்கே இனி வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் ஆனையூரில் புதிதாக ஒருவர் பட்டறை போடுகிறார், அவரிடம் நானே பேசுகிறேன்.

"போடலன்னா?" என்றாள் மீனலோசனி தமிழில்.

"போடலன்னா பத்து மக்தான் அத்தை. கேனும் இல்ல, தொட்டித் தண்ணியும் இல்ல. நாலுன்னு சொல்றதுக்கு இருக்குறது இந்தப் பேப்பர் ஒண்ணுதான். அது எங்கிட்ட இருக்கு. வீட்டுல வேற தாள்ல நீங்க மறுபடி போடலாம். ஆனா எதப் பார்த்து நம்புவாங்க?"

சீதாராமன் பேனாவுக்குக் கையை நீட்டினார். மீனலோசனி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாங்க."

"விடு."

"வேணாம். நீங்க தப்புப் பண்ணல. கணக்கே அதத்தான் சொல்லுது."

"கணக்கு சொல்லும் மீனா. நான் நாளைக்கு எங்க போயி நிப்பேன்?"

உமேஷ் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். புதிய கேனைச் சோதிக்காமல் பயன்படுத்தியது நான்தான். தேதி, 2003. சீதாராமன் என்று கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் தாளைக் குத்தியது. எழுந்து, தொட்டியருகே கழற்றி வைத்திருந்த ரப்பர் செருப்பையும் மாற்று லுங்கியையும் எடுக்கப் போனார்.

"சோணை," என்று உமேஷ் வெளியே குரல் கொடுத்தான். "டீச்சர்கூட முக்குக் கடைக்குப் போயி இத மூணு காப்பி எடுத்துட்டு வாங்க. தாள நீங்க வெச்சிருங்க. அத்தை, உங்களுக்கு அந்தக் கடை பழக்கந்தான? கொஞ்சம் பார்த்துக் குடுங்க."

தெரு வெயிலில் இருவரும் நடந்தார்கள். சோணை தாளில் ஈரம் படாமல் இரண்டு விரல் நுனியில் பிடித்திருந்தார். பாதி வழியில் நின்றார்.

"எனக்கு இத எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது டீச்சரம்மா. ஆனா மாஸ்டர் மூஞ்சியப் பார்த்தேன். கிழிச்சுப் போட்டுரட்டுமா? காத்துல பறந்துருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"வேணாம்ணே. கிழிச்சா பத்து மக்னு ஆயிரும்."

சோணைக்கு அது புரியவில்லை. மறுபடி நடந்தார்.

ஜெராக்ஸ் கடையில் ஜெயக்கொடி மிஷினுக்குத் தாள் வைத்துக்கொண்டிருந்தாள். மீனலோசனியைப் பார்த்ததும் மற்றவர்களை விலக்கி, கையை நீட்டினாள். தாளை மேலோட்டமாகப் பார்த்தாள். கோடு போட்ட ஓரம், சமன்பாடுகள், என்க, ஆகவே.

"டியூஷனுக்கா டீச்சர்? எப்பவும்போல எட்டா?"

"மூணு."

"பிள்ளைங்க கொறைஞ்சு போச்சா?"

ஜெயக்கொடி தாளைக் கவிழ்த்து, மூடியைப் போட்டாள். பச்சை வெளிச்சம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நகர்ந்தது. முதல் நகல் சூடாக வெளியே வந்தது. அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கணக்கு நல்லா விழுந்திருக்கு. கீழ எழுதுனதுதான் டீச்சர் மங்கலா இருக்கு. கருப்பக் கூட்டி வைக்கவா?"

சோணை மீனலோசனியைப் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள்.

"வைங்க," என்றாள்.

இரண்டாவது நகலில் x = 75 என்பது லேசாகக் கலங்கியிருந்தது. சீதாராமன் என்ற பெயர் மட்டும் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது.